தாழ்ந்த அறையைப் புதுப்பித்தவர்களின் அனுபவங்கள்: செலவும் ஈரமும்

கல்லடியிலிருந்து:

எங்கள் வீடு மட்டக்களப்பில் கல்லடியில், வாவிப் பக்கம். அப்பா கட்டியபோது தரை ஒழுங்கையைவிட இரண்டு படி உயரம். 2004 சுனாமிக்குப் பிறகு ஒழுங்கைக்குக் கிரவல் கொட்டினார்கள், பிறகு கொங்கிறீட் வந்தது. மழைத் தண்ணீர் நிற்காமல் இருக்க நாங்களும் முற்றத்தை மண் போட்டு உயர்த்தினோம். கடைசியில் முன் அறைக்குள் போக ஒன்றரை அடி கீழே இறங்க வேண்டி வந்தது.

2023இல் மகள் உயர்தரம் படிக்கத் தொடங்கினாள். கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் தன் வீட்டுப் பேஸ்மென்ட்டை, அதாவது நிலத்துக்குக் கீழே உள்ள அறையை, வீடியோவில் காட்டியிருந்தார். வெள்ளைச் சுவர், சுவரோடு சேர்ந்த புத்தக அலுமாரி, அவ்வளவு வடிவு. அதே மாதிரி மகளுக்கு ஒன்று செய்து கொடுக்க ஆசைப்பட்டேன். அறை 180 சதுர அடி. டைல்ஸும் கூலியும் 85,000 ரூபாய், ஜிப்சம் சீலிங் 65,000, எம்.டி.எப். பலகையில் (மரத்தூளை அழுத்திச் செய்தது) அலுமாரியும் சுவர்ப்பலகையும் 190,000, ஏசியும் வயரிங்கும் 210,000, வோட்டர்புரூப் பெயின்ட் 50,000. மொத்தம் 6 இலட்சம். ஆவணியில் வேலை முடிந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அதுதான் நான் விட்ட பிழை.

மாரி தொடங்கி மூன்று கிழமைக்குள் டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளையாய் உப்புப் பூத்தது. அலுமாரியின் அடிப்பலகை தேத்தண்ணியில் தோய்த்த பாண் போல ஊதிவிட்டது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது, நகத்தால் குத்தினால் தண்ணீர் வடியும். தை மாதம் புத்தகங்களில் பூஞ்சணம். பிள்ளைக்கு இரவில் இழுப்பு வரத் தொடங்கியது. காசு போனதைவிட அதுதான் என்னை வாட்டியது.

எங்கள் பக்கத்துப் பழைய மேசன் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் அறைக்குள் வரவில்லை, நேரே கிணற்றடிக்குப் போனார். "தம்பி, தண்ணி எங்க நிக்குதெண்டு பாருங்க" என்றார். முற்றத்திலிருந்து இரண்டடியில் நின்றது. ஆவணியில் ஒன்பதடிக்குக் கீழே கிடந்த தண்ணீர்! எங்கள் அறைத்தரை ஒன்றரை அடி தாழ்வு. அப்படியென்றால் டைல்ஸுக்கும் தண்ணீருக்கும் இடையில் அரையடிதான். பழைய சுவருக்கு டிபிசி, அதாவது நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் மறிக்கும் படை, போடவில்லை, அதனால் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலக் கல்லுக்குள்ளே தண்ணீர் ஏறுகிறது. காற்றுப் பட்டதும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும். உட்பக்கம் பூசிய பெயின்ட்டைப் பின்னால் வரும் தண்ணீரே தள்ளி உரித்துவிடும். டைல்ஸும் ஈரத்தை மறிக்காது, இடுக்குகள் வழியாக அது மேலே வந்துவிடும்.

எல்லாவற்றையும் கழற்றினோம். வெளிச்சுவரோரம் கான் வெட்டி, கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துத் தூரமாக விட்டோம். உள்ளே கல் நிரப்பி, தடித்த பொலித்தீன் விரித்து, அதன் மேல் நாலங்குலக் கொங்கிறீட் போட்டுத் தரையை உயர்த்தினோம். கதவு நிலையையும் ஏற்ற வேண்டி வந்தது. இதற்கு இன்னொரு 340,000. முதலிலேயே இதைச் செய்திருந்தால் அலுமாரிக் காசும் பெயின்ட் காசும் மிஞ்சியிருக்கும்.

காரைதீவிலிருந்து:

அண்ணன், கிணற்றைப் பார்க்கச் சொன்ன அந்த மேசனுக்கு ஒரு கும்பிடு. எங்கள் அனுபவம் தொட்டியில். முற்றத்தில் நிலத்துக்குக் கீழே கட்டிய தண்ணீர்த் தொட்டியை ஒரு மார்கழியில் கழுவுவதற்காக முழுதாக வெறுமையாக்கினோம். அடுத்த நாள் காலையில் ஒரு மூலை நாலு விரல் மேலே எழும்பி, சுவர் வெடித்திருந்தது. சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது வெறுந்தொட்டி படகு மாதிரி மிதக்கப் பார்க்கும் என்று அதற்குப் பிறகுதான் விளங்கியது. 2024 நவம்பர் வெள்ளத்தின்போது தொட்டியை நிரப்பியே வைத்தோம், ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொன்று. டைல்ஸ் போட முன்னம் இரண்டடிப் பொலித்தீன் துண்டொன்றைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். துண்டுக்குக் கீழே துளி கண்டால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேலே கண்டால் காற்றிலிருந்து. இதையும் மாரியில்தான் செய்து பார்க்க வேண்டும்.

ஆரையம்பதி, இப்போது ஸ்காபரோ:

வீடியோவில் வராத பக்கத்தைச் சொல்கிறேன். என் பேஸ்மென்ட்டுக்கு 62,000 டொலர் போனது. அதில் நல்ல பங்கு கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்குத்தான். அத்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் வடிய ஓட்டைகள் போட்ட குழாய் புதைத்தோம். தரையில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் ஏறியதும் தானாக இயங்கும் பம்ப் வைத்தோம். கழிவுநீர் திரும்பி உள்ளே வராமல் ஒரு வால்வு. கோடையில் ஈரம் இழுக்கும் மெஷின் இரவு பகலாக ஓடும், ஈரப்பதன் 50 வீதத்துக்கு மேலே போக விடமாட்டோம். 2024 ஜூலை 16ஆம் திகதி ரொறன்ரோவில் கொட்டிய மழையில், விமான நிலையத்தில் மட்டும் ஒரே நாளில் 98 மில்லிமீற்றர் அளவு பதிவானது. எங்கள் தெருவில் மின்சாரமும் நின்றது. பம்புக்கு பற்றரி வைத்திருந்ததால் தப்பினோம். பக்கத்து வீட்டுக்காரர் கம்பளமும் சுவரின் கீழ்ப்பாதியும் வெட்டி எறிந்தார். ஊரில் ஒருவர் இதைச் செய்யக் கேட்டால், நிலத்துக்குக் கீழே போகாதீர்கள், அந்தக் காசுக்கு மேலே ஓர் அறை எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கல்லடியிலிருந்து:

ஸ்காபரோத் தம்பி சொன்னது சரி. மேலே கட்டப் பழைய அத்திவாரம் தாங்காது என்பதால்தான் தரையை ஏற்றினேன். சுவரில் மூன்றடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு மாரி முழுக்க அப்படியே விட்டிருக்கிறேன். பார்க்க வடிவில்லைதான். இப்போது இரும்பு அலுமாரி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. சீலிங் இல்லை, ஓட்டுக்குக் கீழே காற்று ஓடுகிறது. மகளுக்கு இந்த வருடம் இழுப்பு வரவில்லை. கிணற்றுக் கட்டில் பெயின்ட்டால் அடிக்கணக்குப் போட்டிருக்கிறேன், கார்த்திகையிலிருந்து தை வரை ஒவ்வொரு ஞாயிறும் அவள்தான் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறாள்.