மறு: 'பறக்கும் தட்டு'க்கு மாற்றுச் சொல்

வணக்கம் நண்பர்களே,

வானத்தில் இன்னதென்று புரியாமல் தெரிவதை (ஆங்கிலத்தில் UFO) 'பறக்கும் தட்டு' என்பதற்குப் பதிலாக எப்படிச் சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். முதலில், இங்கே முன்வைக்கப்பட்ட 'இனந்தெரியாத பறக்கும் பொருள்' பற்றி. மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இலங்கைப் பத்திரிகை படித்து வளர்ந்த எவருக்கும் 'இனந்தெரியாத' என்றதும் அடுத்து 'நபர்கள்' என்றுதான் காதில் விழும். அந்த நபர்கள் எதற்கு வந்தார்கள், கடத்தவா சுடவா என்பதும் கூடவே நினைவுக்கு வரும். அந்தச் சொல்லை வானத்துக்கும் ஏற்ற வேண்டாம். பாடநூலில் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கும் 'இனங்காண்க' நம்மிடம் இருக்கிறது. அதிலிருந்து 'இனங்காணா' என்று எடுத்துக்கொள்ளலாம்.

'பறக்கும்', 'பொருள்' இரண்டும்கூட எனக்கு உறுத்துகின்றன. 1947 ஜூனில் அமெரிக்க விமானி கென்னத் ஆர்னல்ட், ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருட்களைக் கண்டதாகச் சொன்னார். தண்ணீரில் எறிந்த தட்டு தத்தித் தத்திப் போவது போல அவை போயின என்றார். அவர் சொன்னது போன விதத்தை. பத்திரிகைகள் அதை உருவமாக்கிவிட்டன. அப்புறம் பார்த்தவர்களுக்கெல்லாம் தட்டுத் தட்டாகவே தெரிய ஆரம்பித்தது! இன்று நாசாவும் 'பொருள்' என்று எழுதுவதில்லை. 2023இல் வந்த அறிக்கையில் 'நிகழ்வு' என்றுதான் இருக்கிறது.

மலையகத்தில் நமக்குத் தெரிவது வெறும் வெளிச்சம். ஹப்புத்தளைப் பக்கம் பனி மூடினால், எதிர்மலை ரோட்டில் வளைவு திரும்பும் லொறியின் லைட் ஆகாயத்தில் தொங்கும். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். மஸ்கெலியாவிலிருந்து பார்த்தால் இருட்டில் மலை மறைந்துபோய், படிக்கட்டு விளக்குகள் மட்டும் வானத்தில் ஏறிக்கொண்டிருக்கும். கும்மிருட்டில் ஒற்றை நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தாலும் அது நகர்வது போலத்தான் இருக்கும், ஏமாறுவது கண். இதில் எது பறக்கிறது?

நான் முதலில் அனுப்பியது 'இனங்காணா வானொளி'. கண்டி நண்பர் ஒருவர் அதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். வானொலி! 'நேற்றிரவு வானொளி கண்டேன்' என்று எழுதினால், பிழை திருத்துபவர் என்னை ரேடியோ வாங்கியவனாக்கிவிடுவார். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். 'விண்ணொளி'யும் சரிவராது, லொறி விண்ணில் ஓடுவதில்லை. 'மர்ம ஒளி' செய்தித் தலைப்புக்குப் போகட்டும்.

ஆகவே 'இனங்காணா வெளிச்சம்'. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று யாரும் "ஒளி நகர்கிறது" என்பதில்லை, "அந்தா, வெளிச்சம் போகுது" என்றுதான் சொல்கிறார்கள். கலைச்சொல்லுக்கு இது மிகவும் சாதாரணம் என்று ஒருவர் எழுதியிருந்தார். சாதாரணமாகவே இருக்கட்டும். இதில் இன்னொரு வசதியும் உண்டு: காரணம் பிடிபட்டதும் குறிப்பேட்டில் 'இனங்கண்ட வெளிச்சம்' என்று திருத்திவிடலாம்.

ஸ்டார்லிங்க் என்னும் இணையச் செய்மதிகள் (செயற்கைக்கோள்கள்) வரிசையாகப் போவதற்குத் தனிச்சொல் வேண்டும், அது இனங்கண்டது. 2019 மே மாதம் ஒரே ரொக்கெட்டில் 60 செய்மதிகள் போனதிலிருந்து இந்தக் காட்சி தொடங்கியது. ஏவிய சில நாட்களுக்கு நெருக்கமாக, தாழ்வாகப் போகும். பிறகு மேலேறிப் பிரிந்துவிடும். பொழுது சாய்ந்த பின்னும் விடியுமுன்னும்தான் பளிச்சென்று தெரியும், அந்த நேரத்தில் நமக்கு இருட்டு, அந்த உயரத்தில் வெயில். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் நடுவானிலேயே ஒவ்வொன்றாக அணையும். ஆட்கள் பயப்படுவது அதைப் பார்த்துத்தான்.

அதற்கு, பூச்சரத்தை நினைத்து, 'செய்மதிச் சரம்' என்று நான் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் ஒரு நொடி பார்த்துவிட்டு 'வானக்கோச்சி' என்றார்கள். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: கோச்சி என்றால் இங்கே ரயில்.) பதுளை இரவு மெயிலின் ஜன்னல் வெளிச்சம் மலையில் வளைந்து போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். என் சரம் தோற்றுவிடும் போலிருக்கிறது.