வாட்டர்லூ டயோரமா: முழுக் களமா, ஒரே ஒரு பண்ணையா?

களிமண்மேடை:
பொம்மை சிப்பாய் சேகரிக்கும் நம்மில் பலருக்கும் ஒரு கனவு உண்டு: 1815இல் வெலிங்டனின் பிரிட்டிஷ் கூட்டுப்படையும் பிரஷ்யர்களும் நெப்போலியனின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த வாட்டர்லூ போர்க்களம் முழுவதையும் ஒரே மேடையில் டயோரமாவாக, அதாவது நிலத்தோடு கூடிய மாதிரிக் காட்சியாக, நிறுத்திவிட வேண்டும். 1/30 அளவு (நிஜத்தில் முப்பதில் ஒரு பங்கு) உலோகச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு அதைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி. களத்தின் நடுவில் வெலிங்டன் தரப்பு காத்து நின்ற லா ஹே சாந்த் பண்ணை ஒன்றை மட்டும் எடுங்கள், அதை உண்மையாகச் செய்யுங்கள்.

கணக்கைப் பாருங்கள். இரு படைகளும் எதிரெதிரே நின்ற முகப்பு சுமார் 4 கி.மீ. 1/30 அளவில் அது 130 மீட்டருக்கு மேல். யாரிடமும் அவ்வளவு இடம் கிடையாது. அதனால் நிலத்தைச் சுருக்கி, 20 பேருக்கு ஒரு உருவம் என்று வைக்கிறோம். 600 பேர் கொண்ட பட்டாலியன் 30 உருவமாகிவிடுகிறது. இரண்டு வரிசையில் 30 பேர் நின்றால் அது பட்டாலியனாகவா தெரிகிறது? ஏதோ வாசல் காவலுக்கு நிற்கும் குழு போலத்தான் தெரிகிறது.

பண்ணையில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆளுக்கு ஓர் உருவம் வைக்கலாம். மேஜர் பேரிங்கின் கீழ், பிரிட்டிஷ் படையில் இருந்த ஜெர்மானியர்களின் பிரிவான கிங்ஸ் ஜெர்மன் லீஜனின் 2ஆவது இலகு பட்டாலியன், சுமார் 400 பேர், பச்சைச் சீருடை, கையில் ரைஃபிள். முந்தின இரவு மழைக்குக் களஞ்சியத்தின் கதவை உடைத்து விறகாக எரித்துவிட்டார்கள். மறுநாள் அந்தக் கதவில்லாத வாசலில்தான் கொடூரமான சண்டை. பிரெஞ்சுக்காரர்கள் களஞ்சியத்துக்குத் தீ வைத்தபோது, துணைக்கு வந்த நசாவ் (ஒரு ஜெர்மன் சிற்றரசு) வீரர்களின் சமையல் கெண்டிகளை வாங்கிக் குளத்துத் தண்ணீர் மொண்டு அணைத்தார்கள். தோட்டா கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பியும் வரவில்லை. மாலை 6 மணி வாக்கில் பண்ணை விழுந்தது. இதை ஒரு பெரிய மேசையில் காட்ட முடியும்.

நீலக்கோட்டு:
காட்டலாம், ஆனால் பார்க்க வருகிறவருக்கு என்ன புரியும்? பண்ணை விழுந்தவுடன் பிரெஞ்சுத் தாக்குதலை நடத்திய மார்ஷல் நே கூடுதல் காலாட்படை கேட்டார். நெப்போலியன் தர மறுத்தார். ஏன்? பிரெஞ்சுப் படையின் வலது பக்கம் ப்ளான்ஸ்நுவா கிராமத்தில் பிரஷ்யர்கள் நுழைந்துகொண்டிருந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி லோபோவின் படை தாங்க முடியாமல், நெப்போலியனின் காவல் படையில் ஒரு பிரிவான இளங்காவல் படையை அங்கே அனுப்ப வேண்டியிருந்தது. மாலைக்குள் சுமார் 50,000 பிரஷ்யர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் இல்லாத வாட்டர்லூ பாதி வாட்டர்லூ. பண்ணையை மட்டும் அமைத்தால், வெலிங்டன் தனியாக ஜெயித்தார் என்ற பழைய கதையைத்தான் நீங்கள் மறுபடி சொல்கிறீர்கள்.

முழுக் களமும் முடியாத காரியம் இல்லை. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் சைபோர்ன் செய்து காட்டிவிட்டார். 1830இல் களத்தின் மாதிரியைச் செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. எட்டு மாதம் லா ஹே சாந்த்திலேயே தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டார். நடுவில் அரசாங்கம் பணத்தை நிறுத்தியும் விடவில்லை. சுமார் 400 சதுர அடி, 70,000க்கும் மேற்பட்ட உருவங்கள். 1838இல் லண்டன் எகிப்தியன் ஹாலில் மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

களிமண்மேடை:
சைபோர்னை நீங்களே கொண்டுவந்ததில் சந்தோஷம். அவருடைய நிலத்தின் அளவு ஒரு மைலுக்கு 9 அடி, அதாவது கிட்டத்தட்ட 1/590. உருவங்களோ ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உயரம். அந்த நிலத்தில் ஒவ்வொரு சிப்பாயும் ஆறு மீட்டர் ஆள்! அவ்வளவு உழைத்தவருக்கே நிலமும் ஆளும் ஒத்துவரவில்லை. அடுத்து அவர் என்ன செய்தார்? 1844இல் காட்டிய இரண்டாவது மாதிரியில் முழுக் களத்தையும் விட்டுவிட்டு, பிற்பகலில் வெலிங்டன் தரப்புத் தளபதி அக்ஸ்பிரிட்ஜின் குதிரைப்படை பாய்ந்த இடத்தை மட்டும் எடுத்தார். இப்போது லீட்ஸில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது அதுதான்.

முழுக் களம் அமைத்தால் பிரஷ்யர்களுக்கு நியாயம் கிடைத்துவிடும் என்பதும் சரியில்லை. அந்தப் பெரிய மாதிரியில் அவர் வைத்திருந்த பிரஷ்யர்கள் அதிகம் என்று வெலிங்டன் தரப்பில் எதிர்ப்பு எழுந்து, கடைசியில் நிறைய உருவங்களை அவரே எடுக்க வேண்டியதாயிற்று.

நீலக்கோட்டு:
எடுத்த உருவங்களைப் பற்றி இன்றுவரை மனிதர்கள் சண்டை போடுகிறார்கள் அல்லவா? முழுக் களம் இருந்ததால்தான் அந்தச் சண்டையே வந்தது. உங்கள் பண்ணையில் பிரஷ்யர்களை எடுக்கவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம். கேள்வியே எழாது. என் கோபம் அதுதான்.

ஆளுக்கு ஆள் என்கிறீர்களே, பண்ணைக்கு வெளியே ஆயிரக்கணக்கான பிரெஞ்சுக்காரர்கள். 1/30 உலோக உருவங்களில் அத்தனை பேரை யார் வாங்குவது?

களிமண்மேடை:
எல்லோரும் தெரிய வேண்டியதில்லை. சுவர், களஞ்சியக் கூரை, புகை எல்லாம் நமக்குச் சாதகம். களஞ்சிய வாசலில் கண்ணில் படுகிற சில டஜன் பேரைச் சரியான நெருக்கத்தில் வைத்தால் போதும். திறந்த வெளியில் அந்த வசதி கிடையாது.

பெட்டிக்காரர்:
நான் இருபக்கமும் இல்லை. உற்பத்தி நின்றுபோன செட்டுகளை மேடையில் ஒட்டி, மேலே சேறும் பூசுகிறீர்களே, அதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. தொழிற்சாலையில் கையால் தீட்டிய பெயின்ட் ஒருமுறை கெட்டால் கெட்டதுதான். பழைய பிரிட்டன்ஸ் நிறுவனப் பளபளப்பு உருவங்களை அலமாரியில் வரிசையாக நிறுத்துவதே அழகு. அவை டயோரமாவுக்காகப் பிறந்தவை அல்ல.

களிமண்மேடை:
பளபளப்பு உருவங்களை நானும் தொடமாட்டேன். மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் உருவங்களின் கதை வேறு. அன்றைக்கு ராத்திரி முழுக்க மழை. ஈரம் கொஞ்சம் காயட்டும் என்று காத்திருந்து பதினொன்றரை வாக்கில்தான் சண்டையே தொடங்கியது. பிரெஞ்சுக் காலாட்படையில் பலர் மேலங்கியும், ஷாகோ எனும் உயரமான ராணுவத் தொப்பிக்கு உறையும் போட்டு, முழங்கால்வரை சேற்றோடு நின்றவர்கள். செட்டில் வருபவர்களோ இறகு வைத்து, வெள்ளைக் கால்சட்டை மடிப்புக் கலையாமல், அணிவகுப்புக்குப் போகிறவர்கள் மாதிரி. அப்படியே நிறுத்தினால் களம் பொய்யாகிவிடும்.

பெட்டிக்காரர்:
அப்படியென்றால் மேலங்கி போட்ட செட்டுகளாகத் தேடி வாங்குங்கள். இறகு வைத்தவரைச் சேற்றில் தள்ளாதீர்கள். ஒட்டவும் வேண்டாம். தெர்மாகோலில் உருவத்தின் அடித்தட்டு அளவுக்குக் குழி வெட்டி, அதில் இறக்கி, விளிம்பை உதிரி மணலால் மூடுங்கள். தூக்கினால் வந்துவிடும், பெட்டிக்குள் பழையபடி போய்விடும்.

நீலக்கோட்டு:
அந்தக் குழி யோசனை அருமை. நான் அதையே 1/72 பிளாஸ்டிக்கில் செய்துகொண்டிருக்கிறேன். முழுக் களத்துக்கு அந்த அளவுதான் சரி. குதிரைப்படையைத் தடுக்க நாலு பக்கமும் வெளியே பார்த்து நிற்கும் சதுர வியூகம் ஒன்றைக் கணக்குப் போடுங்கள்: 500 பேர், நான்கு வரிசை, பக்கத்துக்கு 31 பேர் வாக்கில், ஆளுக்கு அரை மீட்டருக்குச் சற்று அதிகம். பக்கம் 17 மீட்டர் வருகிறது. 1/72இல் அது 24 செ.மீ. தான். மேட்டின் மேல் அப்படி வரிசையாகச் சதுரங்கள், நடுவே நேயின் குதிரைப்படை. இதை எந்தப் பண்ணையாலும் காட்ட முடியாது.

களிமண்மேடை:
சதுரங்களுக்கு நடுவே இருக்கும் நிலத்தையும் 1/72இலேயே வைப்பீர்களா, சுருக்குவீர்களா?

நீலக்கோட்டு:
சுருக்குவேன். ஒளிக்க மாட்டேன். மேடை ஓரத்தில் நிலத்தின் அளவு இது, ஆளின் அளவு இது என்று எழுதி வைப்பேன். ப்ளான்ஸ்நுவா தேவாலயமும் மேடையில் இருக்கும், அதைச் சுற்றி இளங்காவல் படையும் இருக்கும்.

களிமண்மேடை:
என் பண்ணை மாலை 6 மணியில் நிற்கிறது. உங்கள் சதுரங்கள் பிற்பகல் நாலு மணிக்கு, இளங்காவல் படை ஆறு மணிக்கு. ஒரே மேடையில் எந்த நேரத்தை நிறுத்தப்போகிறீர்கள்? அதை முடிவு செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

நீலக்கோட்டு:
ஆறு மணிதான். சதுரங்கள் நிற்கும், குதிரைகள் பின்வாங்கியிருக்கும், சரிவு முழுக்க விழுந்தவை கிடக்கும். உங்கள் பண்ணையும் எரிந்த களஞ்சியத்தோடு நடுவில் இருக்கும். அளவு எடுத்திருந்தால் அனுப்புங்கள், அதையே வைத்துக்கொள்கிறேன்.