வேலி வலையை "ஸ்ட்ரெச்" செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அனுப்புநர்: தொழிற்பயிற்சி ஆசிரியர்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செயின் லிங்க் வேலி, அதாவது நெளிகம்பிகளைப் பின்னிச் செய்த வலையைக் கொண்ட வேலி, அமைப்பதற்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறோம். முதல்முறையாகக் கம்பியைத் தொடுபவரும், இதையே தொழிலாகக் கொண்டவரும் ஒருசேரப் பயன்படுத்தவேண்டிய கையேடு இது. வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கால் (கம்பம்) நடுவது, கான்கிரீட் இடுவது, மேற்குழாய் பொருத்துவது ஆகிய பகுதிகள் தடையின்றி முடிந்தன. வலையை "ஸ்ட்ரெச்" செய்யும் பகுதியில்தான் எழுத்து நின்றுவிட்டது.

முதல் வரைவில் "நீட்டுதல்" என்று எழுதினோம். அதைப் படித்த மாணவர்கள், வலையை எத்தனை அடி நீளமாக்க வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த வரைவில் "இறுக்குதல்" என்று மாற்றினோம். கிளாம்பின் நட்டை இறுக்குவதும் அதே பக்கத்தில் வருவதால், எதை இறுக்கிய பிறகு எதை இறுக்குவது என்பது விளங்காமல் போயிற்று. எனவே செயலுக்கு ஒரு சொல், அந்தச் செயலால் வலை அடையும் நிலைக்கு ஒரு சொல், கருவிக்கு ஒரு சொல் என மூன்று சொற்கள் வேண்டும். உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

அன்புடையீர், வணக்கம்.

இதற்குப் புதுச்சொல் படைக்கத் தேவையே இல்லை. புறநானூற்றின் 50ஆம் பாட்டு, முரசின் தோல்வாரைப் பற்றிப் பேசும்போது "விசித்த" என்னும் சொல்லை ஆள்கிறது. விசித்தல் என்றால் வெறுமனே கட்டுதல் அன்று. தொய்வு சிறிதும் இல்லாதபடி வலிந்து இழுத்துப் பிணித்தல். விசி என்பது அந்த வாருக்கே பெயராகவும் வரும். தோலை அதன் விளிம்பில் பிடித்துச் சட்டத்தோடு பிணிப்பதும், கம்பிவலையை அதன் விளிம்பில் பிடித்துக் காலோடு பிணிப்பதும் செயலளவில் ஒன்றே. ஆகவே செயல் விசித்தல், நிலை விசிப்பு, கருவி விசிப்பி என்று ஒரே வேரிலிருந்து மூன்றும் கிடைக்கின்றன. வேர் ஒன்றாக இருப்பதால், ஒன்றைக் கற்ற மாணவன் மற்ற இரண்டையும் தானே உணர்ந்துகொள்வான்.

வேலி என்ற சொல்லையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். வேல மரத்து முள்ளால் அடைத்ததால் வேலி ஆயிற்று என்பார் ஒரு சாரார். வேய்தல் என்னும் வினையோடு அதை இணைத்துக் காண்பது பொருத்தம் என்பது என் எண்ணம். கூரை வேய்வதைப்போல் படலை வேய்ந்து அடைத்ததே பழைய வேலியாக இருந்திருக்கக்கூடும். அப்படியானால் பின்னுதல், விசித்தல், வேய்தல் ஆகிய மூன்று வினைகளும் இந்தத் தொழிலில் ஒன்றுகூடி நிற்கின்றன. இவ்வளவு வளம் கையில் இருக்கும்போது ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்து எழுதுவது நமக்கு அழகில்லை.

அனுப்புநர்: வேலி ஒப்பந்ததாரர்

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் விளக்கத்தை மிகுந்த மதிப்போடு படித்தேன். ஆயினும் வேலைத்தளத்தில் "வலையை விசியுங்கள்" என்று நான் சொன்னால், என்னோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள்கூட என் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் சொல்வது "இழுத்துக் கட்டு" என்பதுதான். வலை தளர்ந்திருந்தால் "தொய்வு எடு" என்பார்கள். இந்த இரண்டும் ஏற்கெனவே தமிழ்ச்சொற்கள். துணி உலர்த்தும் கொடியைக் கட்டும்போது வீட்டில் எல்லோரும் சொல்வதும் இவைதான்.

பெயர் வைக்கும் முன் செயலை வரிசையாகப் பார்ப்பது நல்லது என்று தோன்றுகிறது. முனையிலும் மூலையிலும் வாயிலின் இருபுறமும் நிற்கும் கால்கள்தான் இழுப்பு முழுவதையும் தாங்குகின்றன. இடையில் ஏறத்தாழ 3 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் கால்கள் வலையை நிமிர்த்திப் பிடிப்பவை மட்டுமே. அதனால் அவற்றின் விட்டம் குறைவாக இருக்கலாம். முனைக்காலின் கான்கிரீட் நன்றாக இறுகுவதற்குமுன் வலையை இழுத்தால், கால் உட்பக்கமாகச் சாய்ந்துவிடும். பிறகு எத்தனை முறை இழுத்தாலும் வலை தொய்ந்தே இருக்கும். ஆகவே சில நாட்கள் காத்திருந்துதான் இழுக்க வேண்டும்.

வலைச் சுருளை விரித்து நிறுத்தி, அதன் முதல் கண்களின் (துளைகளின்) ஊடாக ஒரு தட்டைக் கம்பியை மேலிருந்து கீழே செருகி, அதை ஒரு முனைக்காலில் கிளாம்புகளால் பிணைக்கிறோம். கிளாம்புகள் ஏறத்தாழ 30 செ.மீ.க்கு ஒன்றாக வர வேண்டும். பிறகு மறுமுனைக்குப் போய், அங்குள்ள காலுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் முன்னால், வலையில் இன்னொரு கம்பியைத் தற்காலிகமாகச் செருகுகிறோம். அதில் புல்லர் என்னும் இழுக்கும் கருவியின் கொக்கியை மாட்டி, புல்லரின் மறுபக்கத்தை முனைக்காலில் கட்டி, பல் பல்லாக நெம்பி இழுக்கிறோம். உயரமான வேலியில் ஒரே புல்லர் போதாது. மேலும் கீழும் ஒரே அளவு இழுபடுவதற்கு இரண்டு வைக்க வேண்டும். இழுக்கும்போதே வலையை ஆங்காங்கே உலுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் புல்லருக்கு அருகில் உள்ள பகுதி மட்டும் இழுபட்டு, தொலைவில் உள்ளது தளர்ந்தே கிடக்கும்.

போதுமா என்பதைக் கை சொல்லும். ஒரு கண்ணின் இரு பக்கங்களை விரல்களால் நெருக்கினால் ஏறத்தாழ 6 மி.மீ. அளவுக்கு மட்டும் அசைய வேண்டும். அதற்குமேல் அசைந்தால் தொய்வு இருக்கிறது. அசையவே இல்லையென்றால் அளவுக்கு மீறி இழுத்துவிட்டோம். இதன் பிறகு மிகுதியான வலையை வெட்டுவதில்லை. ஒரே ஒரு நெளிகம்பியின் மேல்முனையையும் கீழ்முனையையும் பிரித்து, அதைத் திருகிக்கொண்டே மேலே உருவினால் வலை இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டு சுருள்களை இணைப்பதும் இதே வழியில்தான். உருவிய கம்பியைத் திருகிக்கொண்டே உள்ளே விட்டால் தையல் தெரியாமல் சேர்ந்துவிடும். கடைசியாக, கட்டுக்கம்பியால் இடைக்கால்களிலும் மேற்குழாயிலும் வலையைக் கட்டுகிறோம்.

ஆக, இழுப்பது வேறு, பிணைப்பது வேறு, கட்டுவது வேறு. விசித்தல் என்ற ஒரே சொல் மூன்றையும் விழுங்கிவிடுகிறது. எதை எப்போது செய்வது என்று கற்பிக்கவேண்டிய கையேட்டில் அது பொருந்தாது.

அனுப்புநர்: இயற்பியல் ஆசிரியை

வணக்கம். நிலையைக் குறிக்கும் சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பள்ளிப் பாடத்தில் "டென்ஷன்" என்னும் விசைக்கு இழுவிசை என்ற சொல் நிலைத்துவிட்டது. அது விசையின் பெயர். வலை தொய்வின்றி நிற்கும் தன்மைக்கு விறைப்பு என்பதே ஏற்றது. இழுவிசை கூடினால் விறைப்பு கூடும் என்று மாணவருக்கு ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம்.

"நீட்டுதல்" ஏன் தவறான எண்ணத்தைத் தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இழுக்கும்போது வலை சிறிது நீள்வது உண்மையே. ஆனால் அது பெரும்பாலும் கம்பி நீள்வதால் நிகழ்வதில்லை. சாய்சதுரக் கண்களின் கோணம் மாறுவதாலும் நெளிவுகள் சற்றே விரிவதாலும் நிகழ்கிறது. கண் கிடைமட்டமாக அகலும்போது அதன் உயரம் குறைகிறது. எனவே அளவுக்கு மீறி இழுத்தால் வேலியின் உயரமும் குறையும். நீட்டுவதே நோக்கம் என்று எண்ணும் மாணவர் இந்த இடத்தில்தான் தவறுவார். நோக்கம் நீளம் அன்று, விறைப்பு. ஆகவே செயலுக்கு விறைப்பேற்றல் என்று வைக்கலாம்.

அனுப்புநர்: மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்

விறைப்பேற்றல் எனக்கும் உடன்பாடு. கண் என்ற சொல்லைக் கையேடு காப்பாற்ற வேண்டும்; வலைக்கண் என்பது மீன்வலைக்கு வழங்கும் சொல், "50 மி.மீ. கண்" என்று எழுதினால் யாருக்கும் ஐயம் வராது. வலையின் மேல் கீழ் விளிம்புகளுக்கும் துணியிலிருந்து கரை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம்: கம்பி முனைகள் மடக்கப்பட்டிருந்தால் மடிகரை, முறுக்கிக் கூராக விடப்பட்டிருந்தால் முறுக்குக் கரை.

கண்களின் ஊடாகச் செருகும் தட்டைக் கம்பியைக் "கோர்ப்புப் பட்டை" என்று வரைவில் பார்த்தேன். வேர்ச்சொல் கோ, கோத்தான், கோத்தல், கோவை என்பவையே வழு இல்லாத வடிவங்கள். இடையில் ரகரம் புகுந்தது பேச்சு வழக்கால். ஆனால் ரகரத்தை நீக்கிக் "கோப்புப் பட்டை" என்று திருத்தினால், கோப்பு என்பது அலுவலகத்திலும் கணினியிலும் வேறொரு பொருளுக்கு உரிமையாகிவிட்டதால், படிப்பவர் தடுமாறுவார். கோவைப் பட்டை என்பது இலக்கணத்துக்கும் பொருந்தும், குழப்பமும் தராது.

கருவிக்கு இழுப்பான் என்று வைக்க வேண்டாம். நன்னூல் ஆன் என்பதை ஆண்பால் படர்க்கை விகுதிகளுள் ஒன்றாகச் சொல்கிறது. அஃறிணைக் கருவிக்கு அதை ஏன் ஒட்ட வேண்டும்? ஒலிபெருக்கி, மின்மாற்றி, வடிகட்டி என்பவைபோல் இகர விகுதி கொடுத்து இழுவி என்போம்.

அனுப்புநர்: இயற்பியல் ஆசிரியை

அழிப்பான், கணிப்பான் ஆகிய சொற்களைக் குழந்தைகள் நாள்தோறும் சொல்கிறார்கள். எந்தக் குழந்தையும் அவற்றை ஆண்பாலாக எண்ணுவதில்லை. விகுதிக்காக வழக்கில் வேரூன்றிய அமைப்பை ஒதுக்குவது தேவையற்றது என்று கருதுகிறேன். இழுப்பான், இழுவி இரண்டும் எனக்குச் சம்மதமே.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

அம்மையார் சொன்ன விறைப்பு நல்ல சொல்தான். நிலைக்கு அதை வைத்துக்கொள்ள எனக்குத் தடையில்லை. செயலுக்கு விறைப்பேற்றல் என்பதை மட்டும் ஏற்க மனம் ஒப்பவில்லை. ஏற்றல் என்னும் துணைவினை எதனோடும் ஒட்டிக்கொள்ளும். அதனால் தனக்கென ஒரு பொருளை அது சுமப்பதில்லை. மக்களுக்குப் புரியவில்லை என்பதற்காக ஒரு சொல்லைக் கைவிட்டால், அது என்றுமே புரியாமல் போகும். பயிற்சிக் கையேட்டில் இடம் தராமல், வேறெங்கே ஒரு சொல்லுக்கு உயிர் கொடுக்க முடியும்?

"இடைக்கால்" பற்றியும் ஓர் எச்சரிக்கை. கால் என்பது கம்பத்துக்கு உரிய நல்ல பழைய சொல். பந்தற்கால் என்பதில் அது வாழ்கிறது. ஆனால் "இடைக்காலை நடவும்" என்றும் "இடைக்கால அளவு" என்றும் அடுத்தடுத்து வருமானால், கண்ணுக்கு இடைக்காலமே முன்னே தோன்றும். வரிசைக்கால் என்று மாற்றுவது நலம்.

செயின் லிங்க் என்பதை அப்படியே பெயர்த்துச் சங்கிலி வேலி என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. சங்கிலியில் மூடிய வளையங்கள் இருக்கும். இந்த வலையில் ஒரு வளையமும் இல்லை. நெளிந்த கம்பி ஒவ்வொன்றும் அடுத்த நெளிகம்பியோடு பின்னிக்கொண்டு நிற்கிறது. இங்கிலாந்தின் நார்விச் நகரில் சார்லஸ் பார்னார்டு 1844இல் கம்பிவலை பின்னும் பொறியை உருவாக்கியபோது, அவ்வூரின் துணித்தறியையே முன்மாதிரியாகக் கொண்டார். பிறப்பிலேயே நெசவோடு உறவுள்ள பொருளைப் பின்னல் வேலி என்று சொல்வதுதான் முறை.

அனுப்புநர்: வேலி ஒப்பந்ததாரர்

பின்னல் வேலி, வரிசைக்கால் இரண்டையும் மனமார ஏற்கிறேன்; ஒருமுறை சொன்னாலே தொழிலாளருக்குப் புரியும். விசித்தலைப் பற்றி என் கருத்து மாறவில்லை. வேகமாக நெம்பும்போது புல்லரின் கொக்கி தெறித்தால் கண்ணையோ கையையோ பதம் பார்க்கும். எதிரே நிற்பவரிடம் ஒரு நொடியில் சொல்ல வேண்டிய சொல், அவர் பிறந்ததிலிருந்து கேட்ட சொல்லாக இருக்க வேண்டும். "இழு", "நிறுத்து", "தளர்த்து" என்பவை அப்படிப்பட்ட சொற்கள். கையேட்டின் சொல் இவற்றிலிருந்து கிளைத்ததாக இருக்கட்டும்.

அனுப்புநர்: தொழிற்பயிற்சி ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. நாளை காலை படி அச்சகத்துக்குப் போகிறது. இதுவரை வந்த மடல்களில் பெரும்பான்மையோர் ஏற்றவற்றை வைத்து முடித்திருக்கிறோம்.

அத்தியாயத்தின் பெயர் "வலையை இழுத்துக் கட்டுதல்". அதனுள் புல்லரால் இழுக்கும் படிக்கு மட்டும் விறைப்பேற்றல் என்ற சொல் வருகிறது. விரலால் நெருக்கிப் பார்ப்பது விறைப்புச் சோதனை ஆகிறது. இறுக்குதல் என்ற சொல்லை நட்டுக்கும் போல்ட்டுக்கும் மட்டுமே ஒதுக்கியிருக்கிறோம். பின்னல் வேலி, கண், மடிகரை, முறுக்குக் கரை, முனைக்கால், வரிசைக்கால் ஆகியவை இடம்பெறுகின்றன. கிளாம்பை மாற்றவில்லை. கருவிக்கு இழுவி என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் "புல்லர் எனப்படும் இழுவி" என்று விரித்திருக்கிறோம். கோவைப் பட்டையைப் பற்றி ஆசிரியர் குழுவில் இணக்கம் ஏற்படவில்லை. ஊர்ப்பெயரின் சுருக்கமாகப் படிப்பார்கள் என்று சிலர் சொன்னதால், இந்தப் பதிப்பில் "டென்ஷன் பார்" என்றே விட்டிருக்கிறோம்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

முடிவை மதிக்கிறேன், ஏற்கவில்லை. பின்னிணைப்பிலுள்ள சொற்பட்டியலில் விறைப்பேற்றல் என்பதற்கு எதிரே "விசித்தல் எனவும் கூறலாம்" என்று ஒரு வரி சேர்க்க இயலுமானால் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். டென்ஷன் பாருக்கு ஊடுபட்டை என்ற சொல்லை அடுத்த பதிப்புக்கு முன்மொழிகிறேன். அதன் இலக்கணத்தைத் தனி மடலில் விரிவாக எழுதுவேன்.