ஒரே ஒரு மடக்குக் கத்தி: பாக்கெட்டுக்கும் ஆகணும், முகாமுக்கும் ஆகணும்

எஸ்டேட்பாதை (கோவை) கேட்டது:

வணக்கம். தினமும் பேன்ட் பாக்கெட்டில் கிடக்க ஒரு கத்தி வேண்டும். வார நாளில் பார்சல் பிரிப்பது, கொய்யா நறுக்குவது, கயிறு அறுப்பது, இவ்வளவுதான் வேலை. மாதம் ஒரு தடவை கோத்தகிரி பக்கம் தனியார் எஸ்டேட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிறோம். அங்கே அதே கத்தியால் கூடாரக் கயிறு கட்ட முளை செதுக்க வேண்டும், நனைந்த விறகிலிருந்து தீப்பிடிக்கிற மாதிரி சீவல் எடுக்க வேண்டும், ராத்திரிச் சமையலுக்கு வெங்காயமும் அரிய வேண்டும். இடுப்பில் அரிவாள் கட்டிக்கொண்டு போக விருப்பமில்லை.

மூன்று கத்தி மனதில் இருக்கிறது: விக்டோரினாக்ஸ் ஃபார்மர், ஒபினெல் 8ஆம் எண், அப்புறம் கடையில் காட்டிய ஒரு கறுப்புக் கத்தி. அது 4 மி.மீ. தடிமன், வாயில் பாதி பல், பாதி வழவழப்பு. லாக் (திறந்த அலகு மடங்காமல் பிடிக்கிற பூட்டு) இல்லாத ஃபார்மரைக் காட்டு வேலைக்கு நம்பலாமா? மடக்குக் கத்தியை விறகின் மேல் வைத்துக் கட்டையால் அடித்துப் பிளக்கலாமா?

கைரம்பம்:

ஃபார்மர் வாங்குங்க. அலகுக்காக இல்லை, அதில் இருக்கிற ரம்பத்துக்காகச் சொல்கிறேன். மூடினால் 93 மி.மீ., எடை சுமார் 80 கிராம். பாக்கெட்டில் இருப்பதே தெரியாது.

முகாமில் குச்சியை வேண்டிய நீளத்துக்குத் துண்டாக்குவதே பாதி வேலை. அலகால் அதைச் செய்யப் போனால் சுற்றிச் சுற்றிக் கொத்த வேண்டும். கத்தியின் மூட்டு தளரும், கையும் வழுக்கும். அந்தச் சின்ன ரம்பம் கட்டைவிரல் பருமன் குச்சியைச் சட்டென்று அறுத்துவிடும். 4 செ.மீ. வரை பொறுமையாகப் போகலாம். இழுக்கும்போது மட்டும் அழுத்தம் கொடுங்க. தள்ளும்போது அழுத்தினால் ரம்பம் வளையும், இல்லையென்றால் மடங்கி விரலில் விழும். குச்சியின் இரண்டு முனையையும் கல்லில் தாங்கவைத்து நடுவில் அறுத்தால் வெட்டு வாய் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும். ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, தொங்குகிற முனையை அறுத்தால் வெட்டு தானாகத் திறந்துகொண்டே போகும்.

லாக் பற்றி. வாயால் சீவும்போது அழுத்தம் அலகைத் திறக்கிற பக்கமாகவே போகிறது, அதனால் மடங்காது. ஆபத்து இரண்டு இடத்தில்: நுனியால் குத்தித் துளைபோடுவது, மரத்தில் சிக்கிய அலகை மேலும் கீழும் ஆட்டிப் பிடுங்குவது. துளைக்கு ஃபார்மரில் தனியாகக் குத்தூசி இருக்கிறது. அதன் கூர் விளிம்பு வெட்டுகிற திசையில் மட்டும், நேர் கீழாக அழுத்தித் திருப்புங்க. சிக்கிய அலகை ஆட்டாமல், வந்த வழியிலேயே நேராக இழுத்து எடுங்க.

முளை செதுக்க: 25 செ.மீ. நீளம், கட்டைவிரல் பருமன். நுனியை நான்கு பக்கம் சீவுங்க. ஊசியாக வேண்டாம், மண்ணில் மடிந்துபோகும். தலையிலிருந்து 3 செ.மீ. கீழே ரம்பத்தால் கால்வாசி ஆழம் ஒரு கீறல். அப்புறம் அதற்குக் கீழே 2 செ.மீ. தள்ளி அலகை வைத்து, அந்தக் கீறலை நோக்கிச் சரிவாகச் சீவிக்கொண்டு வந்தால் சில்லு கீறலோடு நின்று கழன்று விழும். கயிறு மாட்டக் காடி தயார். கீறல் போடாமல் செதுக்கினால் சில்லு நாரோடு ஓடித் தலையே பிளந்துவிடும். கடைசியில் தலையின் விளிம்பைச் சுற்றிலும் லேசாகச் சீவிவிடுங்க, அடிக்கும்போது வெடிக்காது.

கறுப்புக் கத்தி வேண்டவே வேண்டாம். 4 மி.மீ. அலகு வெங்காயத்தை நறுக்காது, பிளக்கும். பல் வெட்டியிருப்பதும் கைப்பிடியை ஒட்டிய பாதியில். சீவுகிறபோது கைக்கு முழு வலு கிடைக்கிற இடமே அதுதான், அதைப் பல்லுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்து என்ன செதுக்குவது?

சாணைக்கல்:

ரம்பம் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் சமையல் பாதி நேரம் என்றால் ஒபினெல் 8ஐ அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீங்க. 8.5 செ.மீ. அலகு, மெல்லிசு, தக்காளி தோலில் வழுக்காமல் இறங்கும். பிரான்ஸின் சவோய் பகுதியில் 1890இலிருந்து செய்கிறார்கள். கழுத்தில் திருகிப் பூட்டுகிற வளையம் 1955இல் வந்தது. கார்பன் எஃகு, ஸ்டெயின்லெஸ் இரண்டிலும் கிடைக்கும். கொய்யா, எலுமிச்சை அரிந்து பாக்கெட் வியர்வையிலும் கிடக்கப் போகிற கத்தி என்றால் ஸ்டெயின்லெஸ்தான். கார்பன் நன்றாகக் கூர் ஏறும், ஆனால் ஒரு மாம்பழத்துக்கே கறுத்துவிடும். கறுப்பு பரவாயில்லை, செம்மண் நிறத் துரு வந்தால்தான் தேய்த்து எடுக்கணும்.

இதன் குறை மழை. கைப்பிடி பீச் மரம். நீலகிரி ஈரத்தில் மூட்டுப் பள்ளம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும், நகம் வைத்து இழுத்தாலும் வராது. வளையம் பூட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கைப்பிடியின் பின்முனையைக் கட்டையில் ஓங்கித் தட்டினால் அலகு சற்றே வெளியே எட்டிப்பார்க்கும். வாங்கின உடனே செய்ய வேண்டியது: பள்ளத்தின் உள்பக்கத்தை 220 உப்புத்தாளை மடித்து விட்டு நாலு இழுப்பு தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் ஊறவிட்டு, துடைத்து, அலகைத் திறந்தபடி சில நாள் உலரவிடுங்க. அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீங்க, தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்க.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று பலர் கேட்பார்கள். மரத்துக்குள் அது உலர்ந்து இறுகாது. மூட்டில் விட்டால், 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய் கோத்தகிரி ராத்திரியில் என்ன ஆகும்? கத்தி பிசின் போட்ட மாதிரி திறக்கும். மெடிக்கல் ஷாப்பில் லிக்விட் பாரஃபின் வாங்கி மூட்டுக்கு ஒரு சொட்டு விடுங்க, உணவில் பட்டாலும் கவலையில்லை.

எந்தக் கத்தியானாலும் தெருவில் வருகிற சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீங்க. மெல்லிய வாய் நொடியில் சூடேறும்; நீலம் ஓடின இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம், அப்புறம் அங்கே கூர் நிற்காது. 1000 எண் நீர்க்கல் ஒன்று போதும். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை. அலகின் அகலம் 16 மி.மீ. என்றால் முதுகு கல்லிலிருந்து 4 முதல் 5 மி.மீ. உயரம், அதுதான் கணக்கு. ஒரே பக்கமாகத் தேய்த்துக்கொண்டே இருங்க. எதிர்ப்பக்கம் நகத்தை வாய்க்குக் குறுக்கே, முதுகிலிருந்து வெளியே இழுத்தால் பிசிறு (தேய்த்ததில் மறுபக்கம் மடிந்து நிற்கிற மெல்லிய உலோக விளிம்பு) தட்டுப்படணும், அடியிலிருந்து நுனி வரைக்கும். பலர் நடுவில் பிசிறு வந்ததும் திருப்பிவிடுகிறார்கள், அதனால்தான் நுனி எப்போதும் மொட்டையாக இருக்கிறது. அடுத்த பக்கமும் அப்படியே. பிறகு பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தமே இல்லாமல் பத்து இழுப்பு. கடைசியில் பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போகிற மாதிரி இழுங்க.

தேம்ஸ்கரை:

இங்கிலாந்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. 1988 சட்டப்படி, பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடியது வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத, லாக் இல்லாத மடக்குக் கத்தி மட்டும். ஃபார்மர் அதற்குள் அடங்கும். ஒபினெல் 8 அளவிலும் மீறும், வளையப் பூட்டாலும் மீறும்.

முள்ளிவேலி:

தமிழ்நாட்டுக்காரர்களும் ஒன்று கவனிக்கணும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்கிற சொல்லுக்குள் கத்தியும் வருகிறது. 31ஆம் பிரிவின்படி முதன்மை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. தேசியப் பூங்காவுக்கும் அதுவே. முதுமலை வழியாக ஏதாவது மலையேற்றத்துக்குப் போகிற அன்று கத்தி வீட்டில் இருக்கட்டும். அங்கே குச்சி ஒடிப்பதற்கோ தீ மூட்டுவதற்கோ இடமே இல்லை, அதனால் தேவையும் இல்லை. நீங்கள் சொல்கிற தனியார் எஸ்டேட் வேறு விஷயம், உரிமையாளர் சம்மதம் போதும். விமானத்தில் போனால் செக்-இன் பெட்டியில்தான்.

எஸ்டேட்பாதை:

அனைவருக்கும் நன்றி. ஃபார்மர் என்று முடிவு செய்துவிட்டேன். விறகு பிளப்பது பற்றி மட்டும் பதில் வரவில்லையே, கைரம்பம் அண்ணா? மழையில் நனைந்தது மேலே ஈரமாகத்தானே இருக்கும்.

கைரம்பம்:

அடித்துப் பிளக்காதீங்க. அலகின் முதுகில் விழுகிற ஒவ்வொரு அடியும் மூட்டு ஆணியில் போய் இறங்கும், அலகும் மடங்குகிற பக்கமாகத் தள்ளப்படும். லாக் இருந்தாலும் அந்த அடியைத் தாங்குவது ஒரு சின்ன உலோகத் துண்டுதான்.

ஆப்பு வைத்துப் பிளக்கலாம். தரையில் கிடந்ததை விட்டுவிட்டு, மரத்திலேயே பட்டு நிற்கிற கிளையை எடுங்க, 4 செ.மீ. பருமன், கணு இல்லாத 20 செ.மீ. துண்டு. வேறொரு காய்ந்த குச்சியில் 10 செ.மீ. நீளத்துக்கு இரண்டு ஆப்பு, இரண்டு பக்கம் மட்டும் சரிவாகச் சீவியது. நுனி 2 மி.மீ. தடிமன் இருக்கட்டும், அதற்கும் மெலிந்தால் நசுங்கும். விறகுத் துண்டை நிறுத்தி, வெட்டு முகத்தின் நடுவே ரம்பத்தால் 1 செ.மீ. ஆழம் அறுங்க. நாரோடு சேர்ந்து அறுப்பதால் மெதுவாகத்தான் போகும். அந்தக் கீறலில் முதல் ஆப்பை வைத்துக் கட்டையால் தட்டினால் பக்கவாட்டில் விரிசல் ஓடும். விரிசலில் இரண்டாவதை இறக்கினால் முதல் ஆப்பு தளர்ந்துவிடும். அதை எடுத்து இன்னும் கீழே வையுங்க.

உள்மரம் வெளுப்பாக, தொட்டால் ஈரமில்லாமல் இருக்கும். பாதியை இன்னும் இரண்டாக்கி, அந்தக் கூரான விளிம்பிலிருந்துதான் சீவல் எடுக்கணும். அலகைப் படுக்கவைத்து, கைப்பிடியை ஒட்டிய பகுதியால், மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து தள்ளுங்க. சீவல் சுருண்டால் அளவு சரி. நேராக நீட்டி நின்றால் தடிமன் அதிகம், அலகை இன்னும் படுக்கவையுங்க. அறுந்து விழுந்தால் முடிவில் அலகு மரத்துக்குள் இறங்குகிறது. துண்டை மடியில் வைத்துச் சீவாதீங்க. தொடை உள்பக்கம் பெரிய தமனி ஓடுகிறது. ஒரு பக்கமாகத் தரையில் ஊன்றி, உடம்புக்கு வெளியே சீவுங்க. ஒரு கைப்பிடி சுருள் சேர்ந்ததும் ஃபெரோ ராடை (சுரண்டினால் தீப்பொறி பறக்கிற உலோகக் குச்சி) ரம்பத்தின் முதுகு விளிம்பால் அழுத்தி மெதுவாகச் சுரண்டுங்க. அலகின் வாயை அதற்குப் பயன்படுத்தினால் அன்றைய வெங்காயம் போச்சு.