உயரத்தைக் குறைத்த பிறகுதான் சல்லிப் பாறை ஏறியது

திருகோணமலையின் உப்புவெளிக் கரை வடக்கே முடிகிற இடத்தில், சல்லி முத்துமாரியம்மன் கோவில் பக்கமாக, சில பாறைகள் இருக்கின்றன. தூண்டில் போடுகிறவர்கள் ஏறி உட்காரும் பாறைகள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கக் கடல் அடங்கியிருக்கும். அப்போதுதான் என் ஆர்.சி. குரோலரை, அதாவது ரிமோட்டில் ஓடிப் பாறை ஏறும் சிறு வண்டியை, அங்கே கொண்டு போவேன்.

வண்டி ட்ராக்சாஸ் டிஆர்எக்ஸ்-4. பத்தில் ஒரு பங்கு அளவு, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே 324 மில்லிமீட்டர். வாங்கிய சில மாதங்களிலேயே அதை உயர்த்திவிட்டேன். நீளமான ஷொக் (ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதிர்வைத் தாங்கும் குழாய்), இறுக்கமான ஸ்பிரிங். அடித்தட்டு நிலத்திலிருந்து 92 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. பார்க்க எடுப்பாக இருந்தது. வயிறு கல்லில் சிக்காது என்றும் நம்பினேன். சிறு கற்களில் அது உண்மைதான்.

அந்தப் பாறைகளில் ஒன்றில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு படி இருக்கிறது. அதற்கு மேலே ஒரு முழ நீளத்துக்குச் செங்குத்தான சாய்வு. முன் சில்லுகள் படியைப் பிடித்து ஏறிவிடும். சாய்வில் கால் வைத்ததும் மூக்கு மெல்ல மெல்ல எழும்பும், பிறகு வண்டி அப்படியே பின்பக்கமாகக் கவிழும். ஒரே பின்னேரத்தில் ஐந்து தடவை. ஐந்தாவது தடவை பாறைக்கு இடையில் தேங்கிய கடல்நீரில் விழுந்தது. (உப்புநீரில் விழுந்தால் வீட்டுக்குப் போகும்வரை காத்திருக்காதீர்கள். கையில் இருக்கிற நல்ல தண்ணீரை உடனே ஊற்றிக் கழுவுங்கள். பெயரிங் இரண்டே நாளில் துரு பிடிக்கும்.)

பக்கத்தில் தூண்டிலோடு இருந்த வயதான ஐயா ஒருவர் எல்லாத் தடவையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, வள்ளத்திலயும் முன்னுக்குப் பாரம் இல்லாட்டி அணியம் எழும்பும்" என்றார். அன்றிரவு வண்டியைத் துடைத்துக் காயவைக்கும்போது அந்த வார்த்தைதான் மனதில் ஓடியது.

அவர் சொன்னது சரி. சாய்வில் பாரம் பின் சில்லுகளுக்குப் போகிறது. முன் ஸ்பிரிங்கின் மேலிருந்த சுமை குறைய, அது விரிந்து மூக்கைத் தூக்குகிறது. பின் ஸ்பிரிங் அமுங்கி வாலைத் தாழ்த்துகிறது. இரண்டும் சேர்ந்து வண்டி பாறையின் சாய்வைவிட அதிகமாகச் சாய்ந்துவிடுகிறது. ஏற்கெனவே உயரத்தில் இருக்கிற பாரம் பின் சில்லைத் தாண்டிப் போனால் கதை முடிந்தது. இவ்வளவு காலமும் உயரம் கூட்டக் கூட்ட நானே அதைக் கவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் ஸ்பிரிங். வண்டியைப் பற்றறியோடு மாபிள் தரையில் வைத்து, கையால் அமுக்கிவிட்டு, தானாக எழும்பி நிற்க விட்டேன். ஷொக் முழுவதும் ஓடக்கூடிய தூரம் 30 மில்லிமீட்டர். வண்டியின் சொந்தப் பாரத்துக்கு அது அமுங்கியது வெறும் 4 மில்லிமீட்டர். அதாவது பள்ளத்தில் ஒரு சில்லு கீழே இறங்கவேண்டி வந்தால், இறங்குவதற்கு 4 மில்லிமீட்டர்தான் மிச்சம். அதற்குப் பிறகு சில்லு அந்தரத்தில் தொங்கும். பாறை ஏறும் வண்டிக்கு ஷொக் ஓடக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாவது தானாக அமுங்கி நிற்க வேண்டும். பழைய ஷொக்கையே திரும்பப் போட்டு, மெல்லிய ஸ்பிரிங் மாட்டி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் வளையமான காலரை மேலே திருகித் தளர்த்திவிட்டேன். இப்போது 12 மில்லிமீட்டர் அமுங்குகிறது. அடித்தட்டு 68 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது.

அடுத்தது பாரம். இரண்டு சமையலறைத் தராசுகளை வைத்து, முன் சில்லுகளை ஒன்றிலும் பின் சில்லுகளை மற்றதிலும் நிறுத்தினேன். இரண்டிலும் 1.62 கிலோ. பற்றறியை முன்னுக்குக் கொண்டு வந்தேன். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைக் கடைத்தெருவில் வாங்கி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, முன் ரிம் இரண்டையும் கழற்றி, டயருக்குள் மறையும் பக்கத்தில் டேப் சுற்றி ஒட்டினேன். ஒரு சில்லுக்கு 80 கிராம். இப்போது முன்னுக்கு 1.90, பின்னுக்கு 1.50. பாரத்தை மேலே வண்டியின் கூட்டில் வைப்பதைவிடச் சில்லிலே வைத்தால் அது ஸ்பிரிங்கில் ஏறாது, நிலத்தோடும் ஒட்டியிருக்கும். ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

கடைசியாக முன் ஷொக்கைத் திறந்து, பிஸ்டனுக்குக் கீழே தண்டில் 4 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைக் கோத்தேன். முன்பக்கம் அவ்வளவு தூரம் இனி விரியாது. ஒயில் சிலிக்கோன் ஒயிலாகத்தான் இருக்க வேண்டும்; மோட்டார் ஒயில் ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் ஊதிவிடும்.

இந்த மூன்றையும் ஒரே நாளில் செய்யவில்லை. ஒன்றை மாற்றி, அதே பாறையில், அதே இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. ஸ்பிரிங் மாற்றியபோது கவிழ்வதற்கு முன் அரை முழம் ஏறியது. ஈயம் போட்ட பிறகு உச்சிக்கு ஒரு சாண் கீழே நின்று சில்லு வழுக்கியது, ஆனால் கவிழவில்லை. குழாய்த் துண்டு போட்ட பின்னேரம் ஏறிவிட்டது. மூக்கு எழும்பவே இல்லை. முன் டயர் இரண்டும் பாறையில் அமுங்கிப் பரவி, சிறு கட்டிகள் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துப் போனதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வயிறு இப்போது அடிக்கடி கல்லில் உரசுகிறது. உரசட்டும். அடித்தட்டு வழுக்கிப் போவதற்காகத்தான் இருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து ஒரு மறுமொழி

அண்ணா, வடிவாக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது அக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 இரண்டாம் பதிப்பு. ரிமோட்டை அழுத்தினால் வண்டி ஒரு பக்கமாகச் சரிகிறது. அந்தப் பக்க ஸ்பிரிங்கை இறுக்கினேன், இப்போது சும்மா நிற்கும்போதே மறுபக்கம் சாய்கிறது. என்ன செய்யலாம்?

உவர்மலையிலிருந்து ஒரு மறுமொழி

எனக்கும் இதே வண்டி, இதே பிரச்சினை. கொஞ்சம் சரிவது இயல்பு. மோட்டரின் திருகுவிசை, அச்சுக்குப் போகும் சுழல் தண்டான டிரைவ் ஷாஃப்ட் வழியாகப் போகும்போது சட்டகத்தையும் சேர்த்துத் திருப்பும். டிஆர்எக்ஸ்-4 இல் போர்ட்டல் அச்சு. வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கடைசிப் பல்சக்கரங்கள் சில்லுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஷாஃப்டில் போகும் விசை குறைவு, சரிவும் குறைவு. நம் வண்டியில் அது இல்லை.

ஆனால் என் வண்டியில் பாதிக் குற்றம் மணலில் இருந்தது. நிலாவெளியில் ஓட்டிவிட்டு வந்து நான்கு ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு அச்சைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தேன். மூன்று மூலை தன் பாரத்திலேயே விழுந்தது. பின் இடது மூலை பாதியில் நின்றது. அச்சைச் சட்டகத்தோடு இணைக்கும் கம்பியான லிங்கின் முனை உருண்டைக்குள் மணலும் உப்பும் சேர்ந்து வெள்ளையாக இறுகியிருந்தது. வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்ததும் சரி. அதற்குப் பிறகு சரிவு பாதியாகக் குறைந்தது.

எழுதியவர்

கிண்ணியாத் தம்பி, உவர்மலை நண்பர் சொன்னதை முதலில் செய்யுங்கள். காலர் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஸ்பிரிங் இல்லாமல் அசைத்துப் பாருங்கள். பிறகு பற்றறி நடுக்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். என் வண்டியில் ஒரு விரல் தள்ளி வைத்ததற்கே 3 மில்லிமீட்டர் சாய்ந்தது. இரண்டும் சரியென்றால், பின்பக்கத்தில், சரிகிற பக்கத்துக் காலரை மட்டும் அரைச் சுற்று இறுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஞாயிறு பின்னேரம் நான் சல்லியில் இருப்பேன், அடிமட்டமும் தராசும் கொண்டு வருகிறேன்.