போஸ்: ஒரே பெயர், ஒரே பரம்பரையா?

தென்னவன்:
நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், செடிகொடிகளின் துலங்கலைக் கருவி வைத்து அளந்த ஜகதீஷ் சந்திர போஸ், போசான் துகளுக்குப் பெயர் தந்த சத்யேந்திரநாத் போஸ், 1908இல் 18 வயதில் தூக்கிலிடப்பட்ட குதிராம் போஸ், அரசியலமைப்பின் மூலப்படியை ஓவியங்களால் அணிசெய்த நந்தலால் போஸ். ஒரு பரம்பரைக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? ரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது.

பூங்குழலி:
பரம்பரை எங்கே வந்தது? இந்த ஐவரும் ஒரே குடும்பத்தவர் அல்ல. கோஷ், மித்ரா, குஹா மாதிரி போஸும் வங்காளத்துக் காயஸ்தர் என்ற சாதியினரின் குடும்பப்பெயர். ஆங்கிலக் கல்வியும் அரசு வேலையும் முதலில் போய்ச் சேர்ந்த சமூகங்களில் அதுவும் ஒன்று. கல்லூரி வாசலையே மிதிக்க முடியாத சாதிகளில் எத்தனை சத்யேந்திரநாத்கள் முளைக்காமலே போனார்களோ! கொண்டாடும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

தென்னவன்:
வாய்ப்பை உதறியவர்களும் அவர்கள்தானே? சுபாஷ் 1920இல் ஆங்கிலேய அரசின் உயர்பணித் தேர்வான ஐ.சி.எஸ். தேறி, மறு வருஷமே வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டார்.

கடலோடி:
சத்யேந்திரநாத், கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் ஜகதீஷிடம் பாடம் கேட்டவர். அவர்களுக்குள் இருந்த உறவு அதுதான். 1924இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். நாலே பக்கம். ஒளித்துகள்களை எண்ணும் முறையை மாற்றி, சூடான பொருள் வீசும் ஒளியைப் பற்றிய பிளாங்க் விதியை அதிலிருந்தே வருவித்துக் காட்டினார். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் பெயர்த்து வெளியிட வைத்தார்.

ராஷ்பிஹாரி போஸை இருவருமே விட்டுவிட்டீர்கள். 1912இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய சதியில் முதன்மையானவர். 1915இல் ஜப்பானுக்குத் தப்பிப் போனார். அங்கிருந்து கட்டி எழுப்பிய இயக்கத்தின் தலைமையை 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷிடம் ஒப்படைத்தார். சொந்தக்காரர் என்றா கொடுத்தார்? தன்னைவிடத் திறமையாக நடத்துவார் என்று நம்பிக் கொடுத்தார்.

தென்னவன்:
சுபாஷின் இந்திய தேசிய ராணுவத்தில் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். நம் தென்மாவட்டங்களில் இன்றும் போஸ், சந்திரபோஸ் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். பெயருக்கு மதிப்பில்லாமலா?

பூங்குழலி:
மதிப்பு சுபாஷுக்கு. அரவிந்த கோஷ் 1910இலிருந்து 1950 வரை புதுச்சேரியில்தான் வாழ்ந்தார். அவரும் காயஸ்தர். நம்மவர்கள் அரவிந்தன் என்று வைத்தார்கள், கோஷ் என்று வைக்கவில்லையே!