அறுவடைக்கு ஊருக்கு வருவது பற்றிக் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

சென்னை அக்கா: பெரியப்பா, வணக்கம். பிள்ளைகளை இந்த ஆண்டு அறுவடை நேரத்தில் ஊருக்கு அழைத்து வரலாம் என்று நாங்கள் எல்லோரும் பேசியிருக்கிறோம். தினமும் சாப்பிடும் அரிசி எப்படி விளைகிறது என்பதை அவர்கள் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பொங்கல் விடுமுறையிலேயே வந்துவிடலாமா?

மன்னார்குடி பெரியப்பா: தாராளமாக வாருங்கள் அம்மா. ஆனால் பொங்கலுக்கு வந்தால் பண்டிகையைத்தான் பார்க்கலாம். அந்த நாட்களில் வேலைக்கு ஆள் வரமாட்டார்கள், நாங்களும் வயலில் இறங்கமாட்டோம். நம் பக்கத்தில் சம்பா பருவ நெல் அறுவடை சூடு பிடிப்பது ஜனவரிக் கடைசியில்தான். பிப்ரவரி நடுப்பகுதி வரை அது நடக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். பயிர் முற்றி, வயலில் தண்ணீர் வடிந்து, மண் இறுக வேண்டிய காலமும் அதையொட்டித்தான் வருகிறது. ஆகவே பிப்ரவரி முதல் சனி, ஞாயிறு உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கோவை அண்ணன்: அப்படியானால் இன்றே ரயிலில் முன்பதிவு செய்துவிடட்டுமா, பெரியப்பா?

மன்னார்குடி பெரியப்பா: செய், தம்பி. ஆனால் அடுத்த வாரத்துக்கு மாற்ற வேண்டியிருந்தாலும் மனம் சலிக்காத வகையில் செய். 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், கதிர் முற்றி அறுக்கக் காத்திருந்த நேரத்தில், டெல்டா முழுவதும் மழை கொட்டியது. பயிர் சாய்ந்து, நெல் நனைந்து, அரசுக் கொள்முதலுக்கான நெல்லின் ஈரப்பத வரம்பை 17 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகத் தளர்த்த வேண்டிய நிலை அப்போது வந்தது. அதுபோன்ற நேரத்தில் விருந்தினரை வரவேற்கும் மனநிலையில் இங்கே எந்த வீடும் இருக்காது. வானம் தெளிவாக இருக்கிறதா என்பதை இரண்டு நாள் முன்னதாக நானே குழுவில் எழுதுகிறேன்.

தஞ்சாவூர் அத்தை: அண்ணா, காரில் வருபவர்களுக்கு ஒரு செய்தியை நான் சொல்லிவிடுகிறேன். நீடாமங்கலம் தாண்டிய பிறகு, கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல்லைக் கொட்டி உலர வைத்திருப்பார்கள். ஓரத்தில் கல்லோ மரக்கிளையோ வைத்திருப்பதைப் பார்த்தால், அங்கே நெல் இருக்கிறது என்று பொருள். தயவுசெய்து அதன்மேல் வண்டியை ஏற்றாதீர்கள். சக்கரம் ஏறினால் நெல் உடைந்து நொய்யாகிவிடும். எதிரில் வண்டி வந்தால், நெல்லின்மேல் ஒதுங்காமல் வெற்றிடம் கிடைக்கும் வரை நின்று செல்லுங்கள். அந்த ஓரத்தில் காலால் நெல்லைக் கிளறியபடி ஒரு பெண் காலையிலிருந்து வெயிலில் நடந்துகொண்டிருப்பார். அவருக்காகவாவது இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும்.

கோவை அண்ணன்: சாலையில் கொட்டாமல் களத்திலேயே காயவைக்க முடியாதா, அத்தை?

மன்னார்குடி பெரியப்பா: அதற்கு நான் பதில் சொல்கிறேன். முன்பு கட்டுக்கட்டாக அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்து, அடித்து, தூற்றி, பொலியாகக் குவிப்பதற்குள் நெல் ஓரளவு காய்ந்திருக்கும். இப்போது அறுவடை இயந்திரம் ஓர் ஏக்கரை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடித்து, நெல்லை மொத்தமாக டிராக்டர் டிப்பரில் கொட்டிவிடுகிறது. ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் இவ்வளவு நெல் குவிந்தால் இருக்கும் களம் போதாது. ஈரத்தோடு கொண்டுபோனால் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். பிள்ளைகளை அங்கேயும் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். ஈரப்பதமானியில் ஒரு பிடி நெல்லைப் போட்டுவிட்டு, அந்த எண்ணை எதிர்பார்த்து விவசாயி நிற்பதையும், பிறகு 40 கிலோச் சிப்பங்களாகப் பிடித்துத் தைத்து அடுக்குவதையும் அவர்கள் பார்க்க வேண்டும். வயலில் கதிரைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பினால், விவசாயத்தில் பாதியைத்தான் பார்த்ததாக ஆகும்.

சென்னை அக்கா: பெரியப்பா, பிள்ளைகள் அறுவடை இயந்திரத்தில் ஏறிப் பார்க்கலாமா? சின்னவன் இப்போதிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மன்னார்குடி பெரியப்பா: ஓடும்போது கூடாது, அம்மா. வேலை முடிந்து நிறுத்திய பிறகு ஓட்டுநரிடம் நானே கேட்டு ஏற்றிக் காட்டுகிறேன். ஈரமான வயலுக்கு பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி என்று இரண்டு வகை உண்டு, இரண்டையும் காட்டலாம். வண்டி ஓடும் நேரத்தில் பிள்ளைகள் எதிர் வரப்பில்தான் நிற்க வேண்டும். ஓட்டுநரின் கண் கதிரின்மேல் இருக்கும், பின்னால் வந்து நிற்கும் குழந்தை அவருக்குத் தெரியாது. வண்டி நெருங்க நெருங்கப் பயிருக்குள்ளிருந்து எலி ஓடும், பாம்பும் வெளிவரும். அதனால் எல்லோரும் மூடிய காலணி அணிந்து வர வேண்டும். முழுக்கைச் சட்டையும் வேண்டும், இல்லையென்றால் நெல்லின் சுணை பட்டு இரவு முழுவதும் உடம்பு அரிக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயந்திரம் வாடகைக்கு மணிக்கணக்கில் ஓடுகிறது. அடுத்த வயல்காரர் தம் முறைக்குக் காத்திருப்பார். நம் பிள்ளைகள் படம் எடுப்பதற்காக வண்டியை நிறுத்தச் சொல்லக் கூடாது. ஆறு மாத உழைப்பு வீடு வந்து சேரும் நாள் அது. நாம் பார்க்கப் போகிறோம் என்பதற்காக அங்கே ஒரு வேலையும் தடைபடக் கூடாது என்பதை எல்லாவற்றுக்கும் மேலாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை அண்ணன்: கையால் அறுப்பதை இப்போது எங்குமே பார்க்க முடியாதா?

மன்னார்குடி பெரியப்பா: பார்க்கலாம். பக்கத்து ஊரில் ஒருவர் இரண்டு மா அளவுள்ள சிறு நிலத்தில் மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல்லைப் போட்டிருக்கிறார். அது ஏறக்குறைய 160 நாள் பயிர், ஆள் உயரத்துக்கு வளர்ந்து சாயக்கூடியது. ஆகவே கையால்தான் அறுக்கிறார். மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் இருந்துகொண்டு, பாரம்பரிய நெல்லில் 2 கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு அதை 4 கிலோவாகத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்து வந்தார் அல்லவா, அந்த முறையால் நம் பகுதியில் பரவிய விதைகளுள் இதுவும் ஒன்று. கருக்கரிவாளால் அறுத்து, அரி அரியாக, அதாவது கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, பிறகு கட்டாகக் கட்டுவதை அங்கே அருகிலிருந்து பார்க்கலாம். வேலை செய்யும் பெண்களிடம் கேட்காமல் யாரும் படம் எடுக்க வேண்டாம். அரிவாளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்லியும் கேட்க வேண்டாம். அதன் பல் ஆழமாக இறங்கிவிடும்.

சென்னை அக்கா: அறுத்து முடித்த வயல் காலியாகத்தானே இருக்கும்? மாலையில் பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் விளையாடட்டும் என்று நினைத்தேன்.

மன்னார்குடி பெரியப்பா: அது காலி வயல் இல்லை, அம்மா. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் கதிருக்கு நடுவில் ஈரம் இருக்கும்போதே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். கதிர் போன பிறகு, மிஞ்சி நிற்கும் நெல் தாளுக்கு (அடித்தண்டுக்கு) இடையில் குனிந்து பார்த்தால், இரண்டு இலை விட்டு விரல் உயரத்தில் முளைத்து நிற்பது தெரியும். பனி ஈரத்தையும் மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் வைத்தே அது வளர்ந்து காய்த்துவிடும். மேலேயிருந்து பார்ப்பவருக்கு வெறும் தாள்தான் தெரியும், ஆதலால் பட்டணத்திலிருந்து வருபவர்கள் அதன்மேல் வண்டியைக்கூட நிறுத்திவிடுகிறார்கள். விளையாட்டுக்குப் பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, அங்கே போகலாம்.

தஞ்சாவூர் அத்தை: ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு யோசனை சொல்கிறேன். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வரும் சாலையிலேயே வடுவூர்ப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. வலசை வரும் வாத்துகளும் நாரைகளும் பிப்ரவரி வரை அங்கே இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன்போ சாயங்காலமோ போக வேண்டும்.

கோவை அண்ணன்: சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்ப்பதையும் அதே நாளில் பார்த்துவிடலாமா, அத்தை? காவிரியின் வண்டல் மண்ணைத்தான் அச்சுக்குப் பூசுகிறார்கள் என்று படித்திருக்கிறேன்.

தஞ்சாவூர் அத்தை: அது கும்பகோணம் பக்கம். ஒரே நாளில் இரண்டையும் சேர்த்தால் பிள்ளைகளுக்குப் பயணக் களைப்புதான் மிஞ்சும். அதை வேறொரு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடி பெரியப்பா: தங்கை சொல்வது சரி. வடுவூருக்குப் பிறகு நேரம் இருந்தால் நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்புக்குப் போகலாம். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் இடம் அது. நம் வயலுக்குப் பாமணியாற்றுத் தண்ணீர் அந்த மதகு வழியாகத்தான் வருகிறது. சனிக்கிழமை பார்த்த நெல் எந்தத் தண்ணீரில் விளைந்தது என்பதை ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்று பார்ப்பது, பத்து இடங்களைச் சுற்றுவதைவிடப் பயன் தரும்.

சென்னை அக்கா: நல்லது, பெரியப்பா. நாங்கள் வெள்ளிக்கிழமை இரவு மன்னை எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். அறுவடை நேரத்தில் பெரியம்மாவுக்கு எங்களால் கூடுதல் வேலை வேண்டாம். காலைச் சாப்பாட்டை மன்னார்குடியிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

மன்னார்குடி பெரியப்பா: மதியச் சாப்பாடு மட்டும் இங்கேதான். வயலில் வேலை செய்பவர்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்போம், அதனால் கூடுதல் வேலை ஒன்றும் இல்லை. எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை மட்டும் வியாழக்கிழமைக்குள் எழுதிவிடு, அம்மா.